பெட்டிக்குள் குழந்தை, வெளியே பெற்றோர்: என்ஐசியூ மன அழுத்தம் என்றால் என்ன?

என் தங்கைக்கு 31-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பையன் 1 கிலோ 340 கிராம். பிறந்ததும் அவள் முகத்துக்கு நேரே ஒரு நொடி காட்டிவிட்டு, துணியில் சுற்றி என்ஐசியூ என்ற தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள், தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நடந்துபோய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, வராந்தா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "நல்லாத்தான் எடுத்துச் சொன்னாருக்கா. என்ன சொன்னாருன்னுதான் தெரியல."

அவள் கணக்கு டீச்சர். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் மார்க்கை நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். ஆனால் பத்து நிமிடம் முன்பு கேட்ட பேச்சு அவளிடம் தங்கவில்லை.

பக்கத்தில் இருந்த சொந்தக்காரர் ஒருவர், "ஸ்ட்ரெஸ்ல இருக்கா, விடு" என்றார். இன்னொருவர், "டிப்ரஷன் ஆயிடப்போகுது, பாத்துக்கோங்க" என்றார். ஒரு பாட்டி அவள் தலையைத் தடவி, "அழாதடி, அழுதா பால் வத்திரும்" என்றார். எல்லோரும் அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் என்ன நடக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான். பிறகு படித்தும், நர்ஸ்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, அந்த வராந்தாவுக்குப் புதிதாக வந்து உட்காரும் ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயம்

தமிழில் நமக்கு முதல் சிக்கலே சொல்லில் இருக்கிறது. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் 'மன அழுத்தம்' என்கிறோம், டிப்ரஷனுக்கும் 'மன அழுத்தம்' என்கிறோம். பத்திரிகைகளிலும் அப்படித்தான் மாறி மாறி வருகிறது. இரண்டும் வேறு. நடுவில் பதற்றம் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது.

தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று தண்ணீர் சுமந்து வருகிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து கடுக்கிறது, மூச்சு வாங்குகிறது. அது அழுத்தம். கால் இடறிக் குடம் விழுந்துவிடுமோ என்று அடிக்கு அடி நினைத்தபடி வருவது பதற்றம். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவைத்து நாளாகியும் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை, அடுத்த வேலை எதிலும் கை போகவில்லை என்றால், அது மனச்சோர்வு.

இனி இந்தக் கட்டுரையில் மன அழுத்தம் என்றால் முதலாவது மட்டும்தான்: சுமக்கவேண்டிய பாரம் நம்மிடம் இருக்கும் தெம்பைவிடக் கூடிவிடும்போது உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. அது நோயல்ல. பாரம் குறைந்தால் அதுவும் குறையும். மனச்சோர்வு என்பது சிகிச்சை தேவைப்படும், சிகிச்சையால் குணமாகும் ஒரு நோய். அழுத்தம் நீண்டுகொண்டே போனால் சிலருக்கு அது பதற்றமாகவோ மனச்சோர்வாகவோ மாறும். எல்லோருக்கும் மாறுவதில்லை.

பெட்டிக்குள் யார் போகிறார்கள்?

பெட்டி என்று நான் சொல்வது குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரை. அதற்குள் யார் போகிறார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 37 வாரம் முடியுமுன் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பு என்கிறார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைவான குழந்தை. இவர்களோடு மூச்சுத் திணறல், தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை உள்ள நிறைமாதக் குழந்தைகளும் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள். அதைத்தான் என்ஐசியூ என்கிறோம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் எஸ்என்சியு, அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவு, என்ற பெயர்ப்பலகை இருக்கும். சில குழந்தைகள் நான்கே நாளில் வெளியே வந்துவிடும், சில மாதக்கணக்கில் இருக்கும்.

ஆனால் நான்கு நாள் என்பது டாக்டரின் கணக்கு. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ், கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருக்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு வரும் தாய்க்கு, "இது சாதாரணம்மா" என்ற சொல் காதில் விழாது. குழந்தையின் நோய் எவ்வளவு லேசோ அவ்வளவு லேசாகத் தாயின் அழுத்தமும் இருக்கும் என்று கணக்குப் போடுவது தவறு.

நடுராத்திரி போன்

சரி, உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் போன் அடிக்கிறது. எடுக்கும் முன்பே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தூக்கம் போன இடம் தெரியவில்லை. பேசுவது யார் என்று இன்னும் தெரியாது. ஆனாலும் உடல் முந்திக்கொண்டு தயாராகிவிட்டது.

தயார் செய்வது இரண்டு ஹார்மோன்கள். ஹார்மோன் என்றால் ரத்தத்தின் வழியே உடல் முழுவதும் செய்தி கொண்டுபோகும் ரசாயனம். ஆபத்து என்று மூளை நினைத்த நொடியில், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி முதலில் அட்ரினலினை விடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசை முறுக்கேறுகிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சில நிமிடங்கள் கழித்துக் கார்டிசால் வருகிறது. அதன் வேலை, ஓடவோ போராடவோ வேண்டிய சக்தி தீராமல் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவைப்பது. போன் ராங் நம்பர் என்று தெரிந்ததும் இரண்டும் அடங்கிவிடும்.

அதே போன் ராத்திரி பகலாக இருபது நாள் அடித்துக்கொண்டே இருந்தால்? என்ஐசியூ வாசலில் நடப்பது அதுதான். கதவு திறந்தால், நர்ஸ் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், உள்ளே மணி அடித்தால் போன் மறுபடி அடிக்கிறது. குறுகிய நேரத்துக்கென்று இருக்கும் ஏற்பாடு ஓயாமல் ஓடுகிறது. தூக்கம் துண்டு துண்டாகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. கவனம் ஒரே புள்ளியில் குவிந்துபோவதால் மற்றதெல்லாம் மங்கிவிடுகிறது. புதிதாகக் கேட்பது நினைவில் பதிவதில்லை.

என் தங்கை டாக்டர் சொன்னதை மறந்தது இதனால்தான். அறிவுக்குறைவோ அலட்சியமோ அதில் இல்லை. இது தெரிந்த மருத்துவமனைகளில் ஒரே விஷயத்தைப் பல தடவை, வேறு வேறு நாளில் திருப்பிச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனையில் அப்படிச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். டாக்டரைப் பார்க்க எப்போதும் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். "நேத்துதானே சொன்னேன்" என்று யாராவது சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுபடி கேட்பதில் தப்பே இல்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மன அழுத்தம் என்பது உடலின் பாதுகாப்பு ஏற்பாடு. சில நிமிடங்களுக்கென்று அமைந்த அது பல நாள் ஓயாமல் இயங்கும்போது தூக்கம், பசி, ஞாபகம் மூன்றையும் அரிக்கிறது. மனத்திடம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சுக்கு இதில் இடம் குறைவு.

சுமை எங்கிருந்து வருகிறது?

"குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அதனால் கவலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அமெரிக்க செவிலிய ஆய்வாளர் மார்கரெட் மைல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் என்ஐசியூ பெற்றோர்களிடம் கேட்பதற்கென்றே ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து 1993-ல் வெளியிட்டார்கள். இன்றும் பல நாடுகளில் அதையே பயன்படுத்துகிறார்கள். அது சுமையை மூன்றாகப் பிரிக்கிறது.

முதலாவது, அங்கே கண்ணில் படுவதும் காதில் விழுவதும். மானிட்டர் சத்தம்தான் இதில் பெரியது. குழந்தை காலை உதைத்து சென்சார் நழுவினாலும் அது கத்தும். நர்ஸ் நிதானமாக வந்து பார்ப்பார். தாய்க்கோ உயிரே போய்வரும். இங்கே நம் ஊருக்கென்றே ஒரு கூடுதல் பயம் இருந்ததைப் பார்த்தேன். குழந்தையின் காலில் ஒளிரும் அந்தச் சென்சார், கொரோனா காலத்தில் நம் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அன்றைக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அதனால் திரையில் 91 என்று பார்த்ததும் தங்கையின் வீட்டுக்காரர் நர்ஸைத் தேடி ஓடினார். ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த அளவை 90-க்கும் 95-க்கும் இடையில் வேண்டுமென்றேதான் வைத்திருப்பார்கள். ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் வளர்ந்து முடியாத விழித்திரையைப் பாதிக்கும். இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனையோ ஓட்டம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது, குழந்தையின் தோற்றமும் நடவடிக்கையும். ரத்தக்குழாய் தெரியும் மெல்லிய தோல், தோளில் பூனைமுடி, மூக்கில் குழாய். திடீரென்று சில நொடி மூச்சு நின்று, காலைத் தட்டியதும் மறுபடி ஓடும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒருங்கே செய்யக் குழந்தைக்குக் கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரம் ஆகவேண்டும். அதுவரை குழாய் வழியாகத்தான் பால். எடையும் முதல் வாரத்தில் குறையும். தங்கையின் வீட்டுக்காரர் டைரியின் கடைசிப் பக்கத்தில் தினமும் குறித்து வைத்திருந்தார்: 1340, 1305, 1270, 1240, 1225. அந்தப் பக்கத்தை அவர் யாரிடமும் காட்டவில்லை. குறைமாதக் குழந்தைகள் முதலில் பத்து சதவீதம்வரை, சில சமயம் அதற்கும் கொஞ்சம் மேலே இழந்து, இரண்டு வாரவாக்கில் பிறந்த எடையைத் திரும்பப் பிடிப்பது வழக்கம் என்று அவருக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள் 1345 என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார்.

மூன்றாவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மைல்ஸ் அதைப் பெற்றோர் என்ற பங்கு பறிபோவது என்று வகைப்படுத்துகிறார். இந்தக் கேள்வித்தாளை வைத்து நடந்த ஆய்வுகள் பலவற்றிலும் தாய்மார்கள் மிக அதிகமாக வலிக்கிறது என்று சொல்வது இதைத்தான்.

திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவிப்போகும் அந்த நிமிடம் பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கு அடிபடவில்லை, பசிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வயிறு கலங்குகிறது. கையில் இருந்தது இப்போது இல்லை, அவ்வளவுதான் காரணம். என்ஐசியூவில் அந்த நிமிடம் நாட்களாக நீள்கிறது. குழந்தை எங்கே என்று தெரியும். கண்ணாடி வழியாகப் பார்க்கவும் முடியும். ஆனால் தூக்க முடியாது, பால் கொடுக்க முடியாது, நனைந்த துணியை மாற்ற முடியாது. குழந்தைக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் வேறு யாரோ, உங்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். தொட வேண்டும் என்றால் அனுமதி கேட்கவேண்டும். நாங்கள் இருந்த இடத்தில் நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரைமணி நேரம். மீதி இருபத்து மூன்று மணி நேரம் தங்கை வராந்தாவிலும் வார்டிலும் கையைப் பிசைந்துகொண்டு இருந்தாள். "நான் அவனுக்கு அம்மா இல்லக்கா, பாக்க வர்றவ" என்று ஒருநாள் சொன்னாள்.

ஆக, சுமை மூன்று வகை. சத்தமும் காட்சியும் நாளாவட்டத்தில் பழகிவிடும். குழந்தையின் தோற்றம் மாறிவிடும். ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலையை யாராவது மாற்றினால்தான் உண்டு.

பால் வற்றிவிடுமா?

இந்த ஒரு பேச்சால் தாய்மார்கள் படும் பாடு எனக்கு ஆறவில்லை. அழுகையை அடக்கிக்கொள், அடக்கினால்தான் பால் வரும் என்பது பாரத்தின் மேல் இன்னொரு பாரம்.

மாடு வைத்திருந்த வீட்டில் இது எளிதாகப் புரியும். கன்று முட்டினால்தான் பசு பாலை இறக்கும். கன்று செத்துப்போனால் வைக்கோல் அடைத்த தோல் கன்றைப் பக்கத்தில் நிறுத்தி ஏமாற்றிக் கறப்பார்கள். பால் மடியில் இருக்கிறது, இறங்கத்தான் ஒரு தூண்டுதல் வேண்டும். தாயின் உடலிலும் இந்த இரண்டும் தனித்தனி வேலை. பாலை உண்டாக்குவது புரோலாக்டின் என்ற ஹார்மோன். உண்டான பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்ற இன்னொன்று. குழந்தையின் தொடுதல், மணம், அழுகுரல் எல்லாம் ஆக்சிடோசினைக் கிளப்பும். பயமும் வலியும் அதைத் தற்காலிகமாகத் தடுக்கும். அந்த நேரத்தில் பீய்ச்சினால் சொட்டுதான் வரும். பால் வற்றிவிட்டது என்று நினைத்துப் பீய்ச்சுவதை விட்டுவிட்டால்தான் உண்மையிலேயே குறையும், ஏனென்றால் எடுக்க எடுக்கத்தான் அது ஊறும்.

எனவே அழுதாலும் பீய்ச்சலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் சேர்த்து, நாளைக்கு எட்டு தடவையாவது எடுக்கச் சொல்வார்கள். குழந்தையின் பெட்டி அருகிலேயே உட்கார்ந்து எடுத்தால் நன்றாக இறங்கும். முடியாவிட்டால் குழந்தையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு, குழந்தை மேல் கிடந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு எடுக்கலாம். தங்கைக்கு முதல் நாள் வந்தது ஒரு சிரிஞ்சின் அடியில் மூன்று மில்லி சீம்பால். அதைக் கையில் ஏந்தி அவள் நர்ஸிடம் கொண்டுபோன பக்குவத்தைப் பார்க்கவேண்டும். குழந்தைக்கு அவள் செய்ய முடிந்த முதல் காரியம் அது. யாருக்காவது பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் உண்டு.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

மாடிப்படி ஏறினேன், பஸ்ஸில் போனேன், கிரகணத்தன்று வெளியே வந்தேன், ஒரு துண்டு அன்னாசி சாப்பிட்டேன். வராந்தாவில் தாய்மார்கள் தங்களுக்குள்ளே இதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். காரணம் தெரியாத துயரத்தைவிடத் தன் மேல் பழி போட்டுக்கொள்வது மனதுக்குச் சுலபமாகத் தோன்றும். ரத்தக்கொதிப்பு, தொற்று, இரட்டைக் கர்ப்பம் போன்றவை முன்கூட்டிப் பிரசவமாகக் காரணமாகலாம். நிறையப் பேருக்கு இன்னதுதான் காரணம் என்று டாக்டராலும் சொல்ல முடிவதில்லை. அவளாகவே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிற்கும்போது, "அப்பவே சொன்னேன், ரெஸ்ட் எடுன்னு" என்று நாமும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம்.

அப்பாவுக்கு என்ன?

தகப்பனை யாரும் கேட்பதில்லை. தாய்க்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவர் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்புவோம். தாய் ஒரு வார்டில், சில சமயம் வேறு ஆஸ்பத்திரியில். குழந்தை இன்னொரு மாடியில். நடுவில் ஓடுபவர் அவர்தான். தனியார் வேலையில் இருப்பவருக்குத் தந்தைக்கான விடுப்பு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. பணத்துக்கு நகையை எடுத்துக்கொண்டு போவதும், ஊரில் இருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்வதும் அவர்தான். மனைவியிடம் நல்லதை மட்டும் சொல்லி மீதியைத் தனக்குள் வைத்துக்கொள்வார். ஆண்களுக்கு இந்த அழுத்தம் அழுகையாக வராமல் எரிச்சலாக, பேச்சு நின்றுபோவதாக, வேலையிலேயே மூழ்கிக் கிடப்பதாக வரலாம். அதைப் பார்த்து "பிள்ளை மேல பாசமே இல்ல" என்று சொல்லிவிடுகிறோம். டைரியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

கைக்கு வேலை கொடுத்தால்

பங்கு பறிபோவதுதான் பெரிய சுமை என்றால், பங்கைத் திருப்பிக் கொடுப்பதுதானே மருந்து? இதை முதலில் கண்டுகொண்ட இடங்கள் பணக்கார ஆஸ்பத்திரிகள் இல்லை. இரண்டு இடத்திலும் பற்றாக்குறைதான் வழி காட்டியது.

1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள், தொற்று பரவியது. எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு தாய் பராமரிப்பு அங்கே பிறந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1979-ல், எஸ்டோனியாவின் தாலின் நகரில் நர்ஸ்கள் போதவில்லை. அடிக் லெவின் என்ற டாக்டர் தாய்மார்களையே உள்ளே தங்கவைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார். கனடாவில் அதை வளர்த்தெடுத்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 என்ஐசியூக்களில் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. பெற்றோர் தினமும் ஆறு மணி நேரமாவது உள்ளே இருந்து பராமரிப்பில் பங்கெடுத்த இடங்களில் குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது. பெற்றோரின் அழுத்தமும் பதற்றமும் குறைந்தன.

இந்தியாவிலும் டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் செய்துபார்த்து, குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு என்ற பெயரில் 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் எஸ்என்சியுக்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கை கழுவுவது, துணி மாற்றுவது, பாலாடையால் பால் புகட்டுவது, ஆபத்து அறிகுறிகளைக் கவனிப்பது எல்லாம் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்கிறது அது. பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் அதே பாலாடைதான்.

கங்காரு முறையை இன்குபேட்டருக்கு ஏழை வீட்டு மாற்று என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்தபோது, நிலை சீரான பிறகு சேர்த்ததைவிட இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அங்கே தாய்க்கும் என்ஐசியூவுக்குள்ளேயே கட்டில் போட்டிருந்தார்கள். நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை கங்காரு பராமரிப்பு தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் ஆண்டுப் பரிந்துரை. தகப்பனும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

எங்களுக்கு அது ஒன்பதாம் நாள்தான் வாய்த்தது. சாய்வு நாற்காலியில் தங்கையை உட்காரவைத்து, நைட்டியின் பொத்தானைக் கழற்றி, குழாயோடும் ஒயரோடும் அவனை நெஞ்சில் தவளைக்குட்டி மாதிரி ஒட்டவைத்தார் நர்ஸ். தங்கை மூச்சுவிடவே பயந்து விறைத்துப்போய் இருந்தாள். "மூச்ச நல்லா விடும்மா, அதக் கேட்டுத்தான் அவன் தூங்குவான்" என்றார் அந்தச் சிஸ்டர். கால்மணி நேரத்தில் அவன் முதுகு அவள் உள்ளங்கைக்குக் கீழே ஏறி இறங்குவது எனக்கே தெரிந்தது. தங்கை மானிட்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று ராத்திரிதான் அவள் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினாள்.

மார்பில் வைக்க இன்னும் அனுமதி இல்லாத குழந்தைக்கும் செய்ய வழி உண்டு. கையைக் கழுவிச் சூடாக்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கையைத் தலையிலும் இன்னொன்றைக் காலடியிலும் அசையாமல் வையுங்கள். தடவிக்கொடுக்க வேண்டாம், குறைமாதக் குழந்தைக்குத் தடவல் தொந்தரவு, அசையாத கை ஆறுதல். மெல்லப் பேசலாம். வயிற்றில் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அது.

வீட்டுக்கு வந்தபிறகு

குழந்தை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். பலருக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இருபத்தைந்து நாள் மிஷின் பார்த்துக்கொண்ட மூச்சை இப்போது நான் பார்க்கவேண்டும் என்று தங்கை ராத்திரி முழுக்க அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குக்கர் விசில் அடித்தால் தூக்கிப்போடும். கொஞ்ச நாளில் தணிந்தால் கவலைப்பட வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போவது? காலக்கணக்கை வைத்துப் பார்ப்பது எளிது. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவதும் மனம் கனப்பதும் மிகச் சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் நாட்டமில்லை, குழந்தையைப் பார்த்தாலும் ஒட்டுதல் வரவில்லை, தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். என்ஐசியூ காட்சிகள் கண்முன் வந்துவந்து போவது, கனவில் மணிச் சத்தம், ஆஸ்பத்திரி இருக்கும் தெருவையே தவிர்ப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், விபத்திலும் வெள்ளத்திலும் தப்பியவர்களுக்கு வரும் அதே அதிர்ச்சிப் பாதிப்பு இவர்களுக்கும் வந்திருக்கலாம். அதற்குப் பெயர் பிடிஎஸ்டி. தகப்பன்மாருக்கும் வரும்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் 1987 முதல் உலகமெங்கும் புழக்கத்தில் உள்ளன. ஐந்து நிமிட வேலை. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுபோகும்போதே தாய்க்கும் பார்க்கச் சொல்லலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒரே ஒரு தடவை வந்தாலும் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே பேசுங்கள். 14416 என்பது மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் எண். இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு.

பார்க்கப் போகிறவர்கள்

"என் நாத்தனார் பிள்ளை எழுநூறு கிராம்தான், இப்ப இன்ஜினியர்" என்ற கதை நல்ல எண்ணத்தில் வருவதுதான், ஆனால் அந்த நேரத்தில் அது காதில் ஏறாது. "தைரியமா இரு" என்றால், இல்லாத தைரியத்தை இருப்பதாகக் காட்டுகிற வேலையும் அவள் தலையில் விழும். எடை என்ன, எப்போது டிஸ்சார்ஜ் என்று தினமும் போனில் கேட்பவர்கள், கேள்வியை வாட்ஸ்அப்பில் குடும்பத்தில் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான், அதிகம் பேசமாட்டான். இருபத்தைந்து நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிளாஸ்கில் பூண்டுக் கஞ்சியோடு வந்துவிடுவான். தங்கை குடிக்கும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அப்புறம் தங்கையின் வீட்டுக்காரரிடம், "மாப்ள, நான் இங்க இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் படுத்துட்டு வாங்க. கூப்பிட்டா நான் போன் பண்றேன்" என்பான். குழந்தையின் எடையை அவன் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பன்னிரண்டாம் நாள் தங்கையின் வீட்டுக்காரர் டைரியின் கடைசிப் பக்கத்தை முதலில் திறந்து காட்டியது அவனிடம்தான்.